அளந்து வைத்த உலை

தகரத்தை வட்டமாக வெட்டி, ஒரு பக்கம் வெள்ளையும் மறுபக்கம் சிவப்பும் அடித்து, ஒன்றிலிருந்து இருபத்திரண்டு வரை நானே என் கையால் எழுதினேன். பலகையில் இருபத்திரண்டு ஆணிகள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அதை எங்கள் குவார்ட்டர்ஸ் முன்னறையில் மாட்டிவிட்டு, இரண்டடி தள்ளி நின்று பார்த்தபோது எனக்கு இருந்த பெருமையைச் சொல்ல இன்றைக்குக் கூச்சமாக இருக்கிறது. அன்றைக்குக் கூச்சம் எதுவும் இல்லை.

நெய்வேலி சுரங்கத்து ஸ்டோரில் நான் குமாஸ்தா. நட்டோ போல்ட்டோ, வந்தது எத்தனை, போனது எத்தனை, இருப்பு எத்தனை என்று அட்டையில் ஏற்றுவது என் பிழைப்பு. அந்தப் புத்தியைத்தான் வீட்டுக்குள்ளும் கொண்டுவந்தேன். அக்கா பொன்னம்மாள், புருஷன் இன்னொருத்தியைச் சேர்த்துக்கொண்ட பிறகு சாத்தூரிலிருந்து என்னிடம் வந்தவள். தம்பி சோற்றைச் சும்மா தின்ன மாட்டேன் என்று பிடிவாதமாக மெஸ் ஆரம்பித்தாள். பெண்டாட்டி பிள்ளைகளை ஊரில் விட்டுவிட்டு வந்த ஷிப்ட் ஆட்கள் இருபத்திரண்டு பேர் மதியம் அவள் கையால் சாப்பிட்டார்கள். மெஸ் நடத்திய அந்த இரண்டு வருஷத்தில்தான் அக்கா மறுபடியும் தலைக்குப் பூ வைத்துக்கொள்ள ஆரம்பித்தாள்.

அறுபத்தைந்தாம் வருஷம் அரிசிக்குப் பஞ்சம் வந்தது. குறிஞ்சிப்பாடியிலிருந்து மூட்டை போட்டவன் பாதி மூட்டைதான் தருவேன் என்றான். மாதக் கடைசியில் ஆறு நாளைக்கு டிரம்மில் ஒன்றும் இருக்காது. மெஸ்ஸை மூடிவிடலாம் என்று அக்கா சொன்னாள். சொல்லிவிட்டு அடுப்படியில் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எனக்குப் பொறுக்கவில்லை.

பிரச்சினை அரிசியில் இல்லை, முறையில் இருக்கிறது என்று எனக்குப் பட்டது. அக்கா எப்போதும் குத்துமதிப்பாக உலை வைப்பவள். யார் லீவு, யார் ஊருக்குப் போனார் என்று கேட்க மாட்டாள். நான் சட்டம் போட்டேன். காலையில் வேலைக்குப் போகும்போது, மதியம் சாப்பிட வருகிறவர் தன் தகட்டைச் சிவப்புக்குத் திருப்ப வேண்டும். பதினோரு மணிக்கு அக்கா சிவப்பை எண்ணி உலை வைக்க வேண்டும், தலைக்கு ஒன்றரை ஆழாக்கு. கூட ஒரு பிடி கிடையாது. கன்வேயர் பிரிவு கலியமூர்த்தி, "சாப்பாட்டுக்கும் கேட் பாஸா?" என்று சிரித்தார். ஆனால் திருப்பினார். ஒரு வாரத்தில் எல்லோரும் பழகிவிட்டார்கள்.

தினமும் சாயங்காலம் வந்ததும் அக்காவிடம் கேட்பேன், மிச்சம் எவ்வளவு என்று. "ஒண்ணுமில்ல, வழிச்சுப் போட்டாச்சு" என்பாள். நோட்டில் 'இல்லை' என்று எழுதுவேன். மூன்று வாரம் வரிசையாக 'இல்லை'. அந்த மாதம் முப்பது நாளும் டிரம்மில் அரிசி இருந்தது.

மாணிக்கம்மாளை அந்த நோட்டில் நான் எங்கேயும் எழுதவில்லை. மந்தாரக்குப்பம் ரோட்டோரம் குடிசை போட்டிருந்தவள். சுரங்கத்துக்கு எடுத்த ஊர்களில் ஒன்றில் பிறர் நிலத்தில் நாற்று நட்டுக் களை பறித்தவர்கள் அவர்கள். நிலம் வைத்திருந்தவனுக்கு நஷ்டஈடு கிடைத்தது, இவர்களுக்கு எதற்குக் கிடைக்கும்? புருஷன் பெரியண்ணன் நெஞ்சுச்சளியில் படுத்துவிட்டான். இரண்டு பெண் பிள்ளைகள். அவள் எங்கள் வீட்டில் மாவாட்டி, மதியம் இருபத்திரண்டு தட்டும் பாத்திரமும் துலக்கினாள். பேசிய சம்பளம் சொற்பம். மீதி சம்பளம் பேசாமலே நடந்தது. கழுவிய பாத்திர வரிசையில் கடைசியாகத் தன் அலுமினியத் தூக்கையும் கழுவிக் கவிழ்த்து வைப்பாள். மிஞ்சிய சோற்றையும் குழம்பையும் அதில் போட்டு அக்கா பின்வாசல் படியில் வைப்பாள். அவள் எடுத்துக்கொண்டு போவாள். கேட்டதும் கிடையாது, கொடுத்ததாகச் சொன்னதும் கிடையாது. கேட்டால் அது பிச்சை ஆகிவிடும், சொல்லிக்காட்டினால் தருமம் ஆகிவிடும் என்று இரண்டு பேருக்குமே தெரிந்திருந்தது.

"பாவம்லே, மாணிக்கம் வெறுந்தூக்கோட போறா," என்று அக்கா ஒருநாள் சொன்னாள்.

"சம்பளம் குடுக்கோம்ல," என்றேன் நான். டிரம்மை அக்காவும்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நாலாவது வாரம் மறுபடியும் மிச்சம் விழ ஆரம்பித்தது. ஒரு ஆள் சோறு, சில நாள் இரண்டு ஆள் சோறு. சிவப்பு பத்தொன்பது, சாப்பிட்டது பதினெட்டு. ஸ்டோரில் ஒரு பேரிங் குறைந்தால் எனக்குத் தூக்கம் வராது. இது எப்படி விடும்? எவனோ தகட்டைத் திருப்பிவிட்டு வெளியே சாப்பிடுகிறான் என்று எல்லோரையும் விசாரித்தேன். யாரும் ஒப்புக்கொள்ளவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பத்தே முக்காலுக்குக் கட்டிலில் படுத்துப் பேப்பர் படிப்பதுபோலப் பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மாணிக்கம்மாள் ஆட்டுரலிலிருந்து எழுந்து வந்தாள். மாவுக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு பதினாலாம் எண்ணை ஒரு விரலால் சிவப்புக்குத் திருப்பிவிட்டுத் திரும்பிப் போனாள். பதினாலு சிங்காரவேலுவுடையது. அவர் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று ஊருக்குப் போய் நாலு நாள் ஆகியிருந்தது. எனக்கு அது அன்றைக்குத்தான் நினைவு வந்தது. அவளுக்கு எழுத்தும் தெரியாது, எண்ணும் தெரியாது. ஆனால் எந்த ஆணி யாருடையது, யார் தட்டு தன் கைக்கு வரவில்லை என்பது தெரியும். யார் சாப்பிட்டார், யார் சாப்பிடவில்லை என்ற கணக்கு அந்த வீட்டில் சரியாக இருந்தது அவளிடம் மட்டும்தான். இருக்கிற ஆளின் தகட்டை அவள் ஒருநாளும் தொட்டதில்லை.

நான் சத்தம் போடவில்லை. அக்காவிடமும் சொல்லவில்லை. அதைப் பெருந்தன்மை என்று நினைத்துக்கொண்டேன். அன்று சாயங்காலம் பதினாலாம் தகட்டைக் கழற்றி என் பெட்டியில் போட்டுப் பூட்டினேன். ஊருக்குப் போகிறவர்கள் இனிமேல் தகட்டை என்னிடம் ஒப்படைத்துவிட்டுத்தான் போக வேண்டும் என்று புதுச் சட்டம் எழுதி ஒட்டினேன். மறுநாள் காலை அவள் பலகைக்கு முன்னால் வந்து வெறும் ஆணியைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். நான் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தேன். நோட்டில் மறுபடியும் 'இல்லை' வந்தது.

அப்புறம் ஒரு மாதம் போயிருக்கும். மாணிக்கம்மாள் ஒருநாள் வரவில்லை. இரண்டு வருஷத்தில் அதுதான் முதல்முறை. அக்காவே இடுப்பைப் பிடித்துக்கொண்டு எல்லாம் துலக்கினாள். மறுநாள் அவள் வந்து, ஒன்றும் நடக்காததுபோல உரலைக் கழுவ ஆரம்பித்தாள்.

"நேத்து என்ன, மேலுக்கு முடியலையா?" என்று அக்கா கேட்டாள்.

"இல்லீங்கம்மா. மூத்தவள கடலூர்ல ஒரு வூட்ல வுட்டுட்டு வந்தங்க. கைக்கொழந்தயப் பாத்துக்கினு கெடக்கட்டும். மூணு வேளயும் சோறு போடறாங்களாம்."

"சாமியம்மாளையா? அதுக்கு என்ன வயசு இருக்கும்?"

"பத்துங்க."

அக்கா கையில் இருந்த கரண்டியைக் கீழே வைத்தாள். "எதுக்குடி இப்படிப் பண்ணுனே?"

மாணிக்கம்மாள் உரலுக்குள் கையை விட்டுத் தண்ணீரை வாரி இறைத்தாள். "வூட்ல நாலு தலைக்கு ஒத்து வர்லீங்கம்மா. ஒரு தலைய கொறச்சிட்டோம்," என்றாள். குரலில் கோபமோ குத்தலோ எதுவும் இல்லை. அது இருந்திருந்தால் நான் பதில் சொல்லியிருப்பேன்.

எனக்கு ஸ்டோருக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. நான் போகவில்லை. தகட்டைப் பெட்டியில் பூட்டியதை அக்காவிடம் சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். அக்கா என்னைத் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். "அவ வெறுந்தூக்கோட போனது எனக்குந்தான தெரியும்," என்றாள். பதினோரு மணிக்கு அவள் பலகைப் பக்கம் வரவில்லை. டிரம்மைத் திறந்து பழையபடி கையால் வாரிப் போட்டாள்.

மூன்று மணிக்குப் பந்தி முடிந்து பானையில் நிறையச் சோறு மிஞ்சியிருந்தது. அக்கா தூக்கை வாய்வரைக்கும் அமுக்கி நிரப்பி, படியில் வைக்காமல் கையிலேயே கொடுத்தாள்.

"போயி அந்தப் பிள்ளையக் கூட்டிட்டு வந்துரு. நான் பாத்துக்கிடுதேன்."

"தீவாளி வரிக்கும் அனுப்ப மாட்டோம்னு சொல்லித்தாங்க வெச்சிக்கினாங்க," என்றாள் மாணிக்கம்மாள். "இட்டாந்தாலும், நாளக்கி சோறு மிஞ்சும்னு எப்பிடிங்கம்மா சொல்றது."

டிரம்மில் மிச்சம் இருந்தது எத்தனை நாளைக்கு வரும் என்று எனக்குத் துல்லியமாகத் தெரியும்.

மாணிக்கம்மாள் தூக்கின் மூடியைத் திறந்து பார்த்தாள். பிறகு குனிந்து, அதிலிருந்து கையால் பாதியை எடுத்துப் பானையிலேயே திரும்பப் போட்டாள்.

"எடுத்துட்டுப் போடி, யாரு கேக்கப் போறா?" என்றாள் அக்கா.

"சின்னவ கேப்பாங்க. ரொம்பின தூக்கப் பாத்தா, அப்புறம் ஏன் அக்காவக் கொண்டுபோயி வுட்டன்னு கேப்பா."

மூடியை அழுத்தி மூடிக்கொண்டு போனாள்.

அந்தச் சோற்றில் அக்கா தண்ணீர் ஊற்றி வைத்தாள். காலையில் அவளும் தொடவில்லை, நானும் தொடவில்லை. ஏழு மணிக்கு மாணிக்கம்மாள் வந்தாள். தன் தூக்கைத் தொடாமல், பானையைத் தூக்கிக்கொண்டு போய் வேலியோரம் சாய்த்தாள். ஊறிப் பருத்த சோறு கட்டியாக விழுந்து மண்ணில் பரவியது. இரண்டு காக்கைகள் இறங்கின, அவள் விரட்டவில்லை. குழாயடியில் உட்கார்ந்து, அடுப்புச் சாம்பலை வைத்து, அடியில் ஒட்டியிருந்த பருக்கைகளை நகத்தால் ஒவ்வொன்றாகச் சுரண்டி எடுத்துக்கொண்டிருந்தாள்.