சொல்லக் கேட்டுக் கலந்தது

மார்ச் மாதம் பெல்ஜியத்தின் கென்ட் நகரில் நடந்த பியர் போட்டிக்கு நடுவராகப் போயிருந்தேன். மூன்று நாள். சம்பளம் இல்லை. ஓட்டல் அறை, ரயில் டிக்கெட், காலை உணவு. எந்தப் பத்திரிகையிலும் மேசை இல்லாமல், கேட்கிறவர்களுக்கெல்லாம் எழுதிக் கொடுத்துப் பிழைப்பவனுக்கு அது போதும். காலையில் இரண்டு முட்டையைக் கைக்குட்டையில் சுற்றி மதியத்துக்கு எடுத்துக்கொள்வேன். எல்லா நடுவர்களும் அதைப் பார்த்திருக்கிறார்கள்.

இரண்டாம் நாள் எங்கள் மேசைக்கு கூஸ் வந்தது. லாம்பிக் பியர் காற்றில் இருக்கும் ஈஸ்ட்டிலேயே புளித்து, மரப் பீப்பாயில் வருடக்கணக்கில் கிடக்கும். ஒரு வருடத்தது, இரண்டு வருடத்தது, மூன்று வருடத்தது எனப் பல பீப்பாய்களிலிருந்து எடுத்துக் கலந்து புட்டியில் அடைத்தால் கூஸ். அளவு கிடையாது, குறிப்பு கிடையாது. கலப்பவரின் மூக்கும் நாக்கும்தான்.

மேசையில் மூன்று பேர். நான், ஃபெம்கெ என்ற டச்சுக்காரி, பவேரியாவிலிருந்து வந்த ஒரு மால்ட் தானிய வியாபாரி. கோப்பைகளில் எண் மட்டும் இருக்கும். யாருடையது என்று தெரியாது.

முப்பத்தொன்றாம் எண்ணைக் குடித்துவிட்டு ஃபெம்கெ சொன்னாள்: "நல்லாத்தான் இருக்கு. அடுத்த சுத்துக்கு அனுப்பிடலாம்."

வியாபாரியும் தலையாட்டினார்.

"வேண்டாம்" என்றேன்.

"ஏன்? என்ன குறை?"

"குறை இல்ல. புளிப்பு இருக்கு, மரம் இருக்கு, வைக்கோல் வாசம் இருக்கு. எல்லாம் வரிசையா வந்து நிக்குது. ஒண்ணோட ஒண்ணு பேச மாட்டேங்குது."

"ஆரம்பிச்சிட்டாருய்யா. பத்திரிகைக்காரனை நடுவராப் போட்டா இதான் தொல்லை. குடிங்கன்னா கட்டுரை படிப்பாங்க."

வியாபாரி சிரித்தார். நானும் சிரித்தேன். பிறகு பத்து நிமிடம் பேசினேன். பேச்சில் என்னை வெல்வது கடினம். கடைசியில் ஃபெம்கெ கையை விரித்தாள்.

"சரி சாமி. நீங்களே எழுதுங்க. எனக்குப் பசிக்குது."

ஒவ்வொரு பியருக்கும் ஒரு தாள் எழுத வேண்டும். அது தயாரித்தவருக்குத் தபாலில் போகும். நடுவர் பெயர் அதில் இருக்காது. நான் எழுதினேன்: 'பிழை இல்லை. உயிரும் இல்லை. இதைக் கலந்தவர் குடித்துப் பார்த்துக் கலக்கவில்லை. யாரோ சொல்லக் கேட்டுக் கலந்திருக்கிறார். இவர் நிறுத்திக்கொள்வது நல்லது.'

கடைசி வரி தேவையில்லை. ஆனால் தாளில் ஒரு வரிக்கு இடம் இருந்தது. எழுதியதும் சந்தோஷமாக இருந்தது. வாக்கியம் நன்றாக அமைந்தால் எனக்கு அப்படித்தான்.

*

வியாழக்கிழமைகளில் நான் லென்னிக் என்ற ஊருக்குப் போவேன். பத்தொன்பது வருடமாக. பிரஸ்ஸல்ஸிலிருந்து பஸ்ஸில் முக்கால் மணி நேரம். மாதா கோவிலுக்குப் பின்னால் பழைய குதிரை லாயம் ஒன்றில் லுட்கார்ட் என்பவள் அறுபது பீப்பாய்கள் வைத்திருந்தாள். பக்கத்து ஊர்களில் காய்ச்சுவதை வாங்கிவந்து பீப்பாயில் ஊற்றி, காத்திருந்து, கலப்பாள். கணவன் இறந்தபின் தனியாகவே செய்தாள். என்னைவிட ஏழு வயது மூத்தவள்.

முதல் தடவை போனது ஒரு ஞாயிறு மலருக்காக. எண்ணூறு வார்த்தை. அடுத்த வாரம் எதையோ சரிபார்க்க வேண்டும் என்று போனேன். அதற்கடுத்த வாரம் காரணம் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. ரொட்டியில் வெள்ளைப் பாலாடைக்கட்டியைத் தடவி, மேலே முள்ளங்கி அரிந்து வைப்பாள். இரண்டு கோப்பை ஊற்றுவாள். நான் பியரைப் பற்றிப் பேசுவேன்.

"போதும் கோமார். எழுதறது உன் வேலை. குடிக்கறது என் வேலை. மாத்திக்க வேண்டாம்" என்பாள்.

அவளைப் பற்றி ஒன்பது கட்டுரை எழுதியிருக்கிறேன். ஒன்றில், கண்ணைக் கட்டிவிட்டாலும் லுட்கார்டின் கூஸை நூறு கோப்பைக்கு நடுவில் அடையாளம் சொல்வேன் என்று எழுதினேன். அதைச் சட்டம் போட்டு மாட்டச் சொன்னேன். கழிவறையில் மாட்டினாள்.

போன வருடத்துக்கு முந்தைய நவம்பரில் அவள் மேல் வரிசைப் பீப்பாய்க்கு வைத்த ஏணியிலிருந்து விழுந்தாள். பின்மண்டை கல்தரையில் பட்டது. ஹாலெ ஆஸ்பத்திரியில் பன்னிரண்டு நாள். தினமும் போனேன். நடந்தாள், பேசினாள், நர்சுகளைத் திட்டினாள். தப்பித்தாள் என்று எல்லோரும் சொன்னோம்.

அதற்குப் பிறகுதான் அவள் என்னைக் கேட்க ஆரம்பித்தாள்.

"பதினாலாம் பீப்பாய் எப்படியிருக்கு?"

முதல் முறை கேட்டபோது நான் திரும்பிப் பார்த்தேன், வேறு யாராவது நிற்கிறார்களா என்று. பிறகு சொன்னேன். அவள் ஒரு நோட்டில் பென்சிலால் எழுதிக்கொண்டாள்.

"இன்னும் சொல்லு."

சொன்னேன். அந்தக் குளிர்காலம் முழுக்கச் சொன்னேன். ஒவ்வொரு பீப்பாயாக. இரண்டு மணி நேரம், மூன்று மணி நேரம். கடைசி பஸ்ஸில் திரும்பும்போது எனக்குள் பாட்டு ஓடும். பதினேழு வருடத்துக்குப் பிறகு அவள் என் பக்கம் திரும்பியிருக்கிறாள் என்று நினைத்தேன். ஒரு புதுச் சட்டை வாங்கினேன்.

ஒரு வியாழக்கிழமை பாலாடைக்கட்டி கெட்டுப்போயிருந்தது. வாயில் வைக்க முடியவில்லை. அவள் தன் ரொட்டியை முழுதும் சாப்பிட்டாள். மரியாதைக்கு நான் ஒன்றும் சொல்லவில்லை.

பிப்ரவரியில் கலந்தாள். ஒரு வருடம் புட்டியில் கிடக்க வேண்டும். அதன்பின் எப்போது கேட்டாலும் "இன்னும் ஆகலை" என்றாள். ஊற்றித் தரவில்லை.

*

ஏப்ரலில் ஒரு வியாழக்கிழமை. மேசையில் ரொட்டி இல்லை, கோப்பை இல்லை. ஒரு தாள் மட்டும் இருந்தது. எண்ணைப் பார்ப்பதற்கு முன்பே என் கையெழுத்தைப் பார்த்துவிட்டேன்.

"உட்காரு" என்றாள் லுட்கார்ட்.

உட்கார்ந்தேன்.

"கோழி கிளறின மாதிரி. ஊர்ல வேற யாருக்கும் இப்படி வராது. நீதானே?"

"நீ போட்டிக்கெல்லாம் அனுப்ப மாட்டியே."

"அனுப்பினேன்."

"எதுக்கு?"

"என்னைத் தெரியாத ஆள் வேணும்னு இருந்துச்சு. பேர் தெரியாம, மூஞ்சி தெரியாம, எண்ணை மட்டும் பாத்துக் குடிக்கறவங்க. அவங்க சரின்னா நடத்தறது. இல்லைன்னா விட்டுடறது. அப்படின்னு முடிவு பண்ணித்தான் அனுப்பினேன்." தாளைச் சற்று நகர்த்தினாள். "நீ இருப்பேன்னு யோசிச்சிருக்கணும். ஓசி முட்டைக்குப் போற ஆளாச்சே."

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன்.

"எனக்கு வாசனை தெரியாது, கோமார். விழுந்ததுலேர்ந்து. பதினேழு மாசம் ஆச்சு. புளிப்புன்னு தெரியும், கசப்புன்னு தெரியும். அதுக்குப் பின்னாடி ஒண்ணும் இல்ல. சுவர்."

"டாக்டர் என்ன சொல்றார்?"

"நரம்பு அறுந்துபோச்சாம். இனிமே வராதாம்."

"என்கிட்ட சொல்லியிருக்கலாமே."

"சொன்னா எழுதியிருப்ப."

இல்லை என்று சொல்லப் பார்த்தேன். ஆனால் அவள் சொல்லிக்கொண்டிருந்தபோதே எனக்குள் முதல் வரி வந்திருந்தது. அவளிடம் அனுமதி கேட்டிருப்பேன். மரியாதையாக எழுதியிருப்பேன். நன்றாகவும் வந்திருக்கும்.

அவள் எழுந்துபோய் நோட்டைக் கொண்டுவந்தாள். திறந்து என் பக்கம் திருப்பினாள். அவளுடைய பென்சில் எழுத்து. என்னுடைய வார்த்தைகள். 'பதினாலு: ஈரத் தோல், பச்சை ஆப்பிளின் தோலி, கடைசியில் கொஞ்சம் மழை. இருபத்தெட்டு: பழைய புத்தகக் கடை, எலுமிச்சை, துரு. நாற்பது: யாரோ இப்போதுதான் எழுந்துபோன அறை.' பக்கம் பக்கமாக இருந்தது.

"இதை வெச்சுத்தான் கலந்தேன்" என்றாள். "தோல் ஜாஸ்தியானா எலுமிச்சையால சரிக்கட்டினேன். நீ சொன்னதுல ஒண்ணு விடல. மழைன்னா எவ்வளவுன்னுதான் தெரியல."

"தப்பு என்னோடது. நான் ஒழுங்காச் சொல்லல."

"நீ நல்லாச் சொன்ன. கேக்க அழகா இருந்துச்சு. அதனாலதான் நம்பினேன்."

"மத்த ரெண்டு பேரும் அனுப்பலாம்னுதான் சொன்னாங்க, லுட்கார்ட். நான்தான் விடல."

எதற்காக அதைச் சொன்னேன் என்று தெரியவில்லை. அவளுக்கு ஆறுதலாக இருக்கும் என்று நினைத்திருக்கலாம்.

"எவ்வளவு நேரம் பேசின?"

"பத்து நிமிஷம்."

"பத்து நிமிஷமா?" லேசாகச் சிரித்தாள். "பாவம் அவங்க."

பிறகு சொன்னாள்: "நீ எழுதினதுதான் சரி. படிச்ச உடனே தெரிஞ்சுபோச்சு. என்னால குடிச்சுப் பாத்துச் சொல்ல முடியாது. ஆனா அது அப்படித்தான் இருக்கும். இத்தனை வருஷத்துல நீ என்னைப் பத்தி எழுதினதுல எனக்கு உபயோகப்பட்டது இந்த அஞ்சு வரிதான்."

"இனிமே நான் தினமும் வர்றேன். இங்கயே ரூம் எடுத்துக்கறேன். அழகாவெல்லாம் பேச மாட்டேன். நான் குடிக்கறேன், இதுல இவ்வளவு அதுல அவ்வளவுன்னு மட்டும் சொல்றேன். நீ கலந்தாப் போதும்."

"அப்ப அது உன் பியர்."

"நம்ம பியர்."

"உன் பியர் எப்படியிருக்கும்னு நீயே எழுதிட்ட, கோமார்."

தாள் எங்கள் இருவருக்கும் நடுவில் இருந்தது. அவள் அதை நான்காக மடித்து நோட்டுக்குள் வைத்தாள்.

"திங்கக்கிழமை லாரி வருது. பீப்பாயில கிடக்கறதை வாங்கினவங்க பீப்பாயோட எடுத்துக்கறாங்க. கலந்தது இருக்கே, அதைச் சாக்கடையில விட்டுடப் போறேன். நாலாயிரம் புட்டி. உடைக்கத்தான் ஆள் கிடைக்கல."

"நான் உடைக்கறேன்."

"உனக்கு முதுகுவலி."

வெளியே யாரோ மிதிவண்டியில் போனார்கள். மணி அடித்தார்கள். அவள் சன்னல் வழியாகக் கையசைத்தாள்.

"வியாழக்கிழமை நான் வரலாமா?" என்று கேட்டேன்.

"வந்து?"

"சும்மா."

"சும்மா வந்து என்ன பண்ணுவ?"

"நான் பியருக்காக இங்க வரல, லுட்கார்ட்."

அவள் என்னைப் பார்த்தாள். அவசரப்படவில்லை.

"தெரியும்" என்றாள்.

"எப்பலேர்ந்து?"

"ரெண்டாவது வருஷமா இருக்கும்."

"ஒண்ணுமே சொல்லலியே."

"நீ சொல்லுவேன்னு பாத்தேன். வாயைத் தொறந்தா பீப்பாய்தான் வந்துச்சு. நல்லாப் பேசின. நடுவுல புகுந்து எப்படிக் கேக்கறது? கொஞ்ச வருஷத்துல அது பழகிப்போச்சு. அப்புறம் விழுந்தேன். அப்புறம் நானே உன்னைப் பேசச் சொல்லிட்டேன்."

"இப்ப?"

அவள் எழுந்து, சுத்தமாகவே இருந்த மேசையைத் துணியால் துடைத்தாள்.

"ஆஸ்டெண்ட்ல தங்கச்சி வீடு இருக்கு. மாடி காலியாத்தான் கிடக்கு. அடுத்த வாரம் போறேன். உன் பஸ்ஸு நாலே காலுக்கு. கிளம்பு."

"லுட்கார்ட்."

"கிளம்பு, கோமார். நீ இருந்தா நான் அழுவேன். நீ அதைப் பாத்துக்கிட்டே இருப்ப."

கோட்டை மாட்டிக்கொண்டேன். அவள் வாசல்வரை வரவில்லை. சமையலறையில் குழாய் திறக்கும் சத்தம் கேட்டது. கழுவ அங்கே ஒன்றும் இல்லை.

*

திங்கட்கிழமை நான் போகவில்லை. லாரி இரண்டு நடை அடித்தது என்று பிறகு கேள்விப்பட்டேன்.

புதன்கிழமை ஞாயிறு மலரின் எடிட்டர் மெயில் அனுப்பியிருந்தார். லென்னிக்கில் லுட்கார்ட் மூடிவிட்டாராமே, காரணம் யாருக்கும் தெரியவில்லை, உங்களைவிட அவரைத் தெரிந்தவர் இல்லை, ஆயிரத்து இருநூறு வார்த்தை, முதல் பக்கம் தருகிறேன், வெள்ளிக்கிழமைக்குள் வேண்டும்.

மேசையில் உட்கார்ந்தேன். வாக்கியங்கள் வந்தன. நல்ல வாக்கியங்கள். ஒன்றன்பின் ஒன்றாக, கூப்பிடாமலே வந்தன. அவை நிற்கும்வரை கையைத் தொடையின்கீழ் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வெகுநேரம் ஆனது.

பிறகு பதில் அனுப்பினேன்: 'வேறு யாரையாவது கேளுங்கள். எனக்கு அவரைத் தெரியாது.'