அவர் நம்பருக்கு வந்த ஓடிபி

துக்கம் விசாரிக்க வந்தவர்களில் பாதிப்பேர் பாஸ்வேர்டையும் விசாரித்தார்கள். எரிகிற வீட்டில் பிடுங்கினது லாபம்! என் வீட்டுக்காரர் ரவிச்சந்திரன் பட்டாபிராம் ஸ்டேஷன் எதிரே பிரவுசிங் சென்டர் வைத்திருந்தார். யார் விண்ணப்பம் போட வந்தாலும் தன் போன் நம்பரையே கொடுப்பார். பாஸ்வேர்டை ஒரு நீல நோட்டில் எழுதிவைப்பார். அந்த நோட்டை அவர் கண்ணாடியோடு சேர்த்துத் தலைமாட்டில் வைத்துப் புதைக்க அனுப்பியது நான்தான். கையை விட்டுப் பிரியாத பொருளாயிற்றே என்று வைத்தேன். யார் கண்டது?

பன்னிரண்டாம் நாள், அவரிடம் விசாவுக்கு விண்ணப்பம் போட்டிருந்த மதிவதனி வந்தாள். அவள் புருஷன் கனடாவில் இருக்கிறான். கல்யாணமாகி இருபது நாள்தான் சேர்ந்திருந்தார்கள்.

"அக்கா, விசாவுக்கு மெடிக்கல் பேப்பர் ஏத்தணும். இன்னிக்கி அஞ்சு மணியோட முடியுது. உட்டா மறுபடி மொதல்லேர்ந்து போடணும். ரெண்டு வருசமா காத்துகினு கீறேன்க்கா."

"நோட்டு மண்ணுக்குள்ள கீது. என்னை இன்னா பண்ணச் சொல்றே?"

எனக்கு அவள்மேல் இரக்கம்கூட வரவில்லை. பன்னிரண்டு நாளாக ஒரு சொட்டு அழவில்லை. மரத்துப்போய்க் கிடந்தேன்.

"பாஸ்வேர்டு மறந்துபோச்சுன்னு போட்டா அண்ணன் நம்பருக்கு ஓடிபி வரும்க்கா."

அவர் போன் அவர் கைரேகைக்குத்தான் திறக்கும். "சிம்மைக் கழட்டி உன் போன்ல போடலாம்க்கா" என்றாள். அதைக் கழற்ற ஓர் ஊக்கு வேண்டும். என் தாலியில் எப்போதும் நாலைந்து தொங்கும். கை கழுத்துக்குப் போயிற்று. தாலியைக் கழற்றி இரண்டு நாளாகிறது. கைக்கு அது இன்னும் தெரியவில்லை.

மதிவதனி பார்த்துவிட்டாள். தன் தாலியிலிருந்து ஓர் ஊக்கை எடுத்துக் கொடுத்தாள்.

நாலு நாற்பதுக்கு ஓடிபி வந்தது. நான் ஒவ்வொரு எண்ணாகப் படிக்க, அவள் தன் போனில் தட்டினாள். பேப்பர் ஏறிவிட்டது. சட்டென்று என் காலில் விழுந்தாள்.

"சீ, எழுந்திரு."

"இதுல என் நம்பரை மாத்திடறேன்க்கா. இனிமே அண்ணன் போனுக்கு எதுவும் வராது. உனுக்கும் தொல்லை இல்ல."

"மாத்தாதேடி!"

நான் போட்ட சத்தத்தில் அவள் திகைத்துப்போனாள்.

"விசா வந்த சேதியும் அவர் நம்பருக்கே வரட்டும். நானே உங்க ஊட்டாண்ட வந்து சொல்றேன்."

அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது.