முப்பத்தொன்பது மில்லிமீட்டர்

அபிஷேக்கின் காரைப் பற்றிச் சொல்வதற்கு முன்னால் அவனுடைய எக்செல் ஷீட்டைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். காருக்குள் இருந்ததைவிட அதற்குள்தான் அவன் அதிக நேரம் இருந்தான்.

பரம்பரைக் கோளாறு அது. அப்பா ரவிச்சந்திரன் கல்பாக்கத்தில் விஞ்ஞானி. அம்மா வசுமதி காபிப்பொடியைக்கூட ஸ்பூனின் தலையைத் தட்டிச் சமப்படுத்தித்தான் போடுவாள். அந்த வீட்டில் வளர்ந்த பையன் சிறுசேரியில் ஒரு கம்பெனியில் உட்கார்ந்துகொண்டு, தன் காருக்குப் புது அலாய் வீல் வாங்குவதற்காக மூன்று வாரம் கணக்குப் போட்டான். ஊரில் இருக்கிறவர்களெல்லாம் கடைக்குப் போனோமா, பிடித்ததை மாட்டினோமா என்று வந்துவிடுகிறார்கள். ஐயா அப்படியா? ஐயாவுக்கு எல்லாம் தெரிந்தாக வேண்டும்.

தெரிந்துகொள்ளவும் செய்தான், அதைக் குறை சொல்ல முடியாது. ஆஃப்செட் என்பது பெரிய பிரம்ம வித்தை ஒன்றும் இல்லை. சக்கரத்தின் அகலத்துக்கு நடுவே ஒரு கோடு போட்டால், அந்தக் கோட்டிலிருந்து அது காரோடு ஒட்டுகிற முகம் எத்தனை மில்லிமீட்டர் தள்ளி இருக்கிறது என்பதுதான் கணக்கு. எண் பெரிதாக இருந்தால் சக்கரம் உள்ளே ஒடுங்கும், சிறிதாக இருந்தால் வெளியே துருத்தும். கம்பெனி கொடுத்த சக்கரம் நாற்பத்தைந்து. அபிஷேக் ஆசைப்பட்டது இருபத்தைந்து. கூடவே அகலமும் ஒன்றரை அங்குலம் அதிகம். ஆக, புதுச் சக்கரம் முன்பைவிட முப்பத்தொன்பது மில்லிமீட்டர் வெளியே வந்து நிற்கும். போதாததற்கு ஸ்பிரிங்கையும் கழற்றிவிட்டுக் குட்டையானதைப் போட்டு, காரைத் தரையோடு தரையாக இறக்கிவிட்டான். அப்போதுதான் பார்க்க அழகாக இருக்குமாம்.

திருப்போரூரில் டயர் கடை வைத்திருக்கும் கார்த்தி, மாட்டுகிற அன்றைக்கே சொன்னான். பின்னால் ஆள் உட்கார்ந்தால் வண்டி இறங்கும், இறங்கினால் டயர் மட்கார்டு விளிம்பில் போய் உரசும், அதனால் கடைப் பையன்கள் நாலு பேரை ஏற்றி, டிக்கியில் கொஞ்சம் பாரம் வைத்து, ஒரு மேட்டில் ஏற்றி இறக்கிப் பார்த்துவிடலாம் என்றான். அபிஷேக் போனை எடுத்து ஷீட்டைக் காட்டினான். கார்த்தி இரண்டாவது தடவையும் சொல்லிப் பார்த்தான். அபிஷேக் ஷீட்டைப் பெரிதாக்கிக் காட்டினான். மூன்றாவது தடவை சொன்னால் வியாபாரம் கைவிட்டுப் போகும் என்பது கார்த்திக்குத் தெரியும். அவனும் ஒன்றும் தியாகி இல்லை. பழைய சக்கரம் நான்கையும் கடைக்குப் பின்னால் அடுக்கிவிட்டுப் புதியதை முடுக்கி அனுப்பினான்.

அபிஷேக் சோதித்துப் பார்க்காமலும் இல்லை. நாவலூர் அபார்ட்மென்ட்டின் பார்க்கிங்கில் இரண்டு பக்கமும் ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்துப் பார்த்தான். ஓஎம்ஆரில் ஒரு வாரம் ஓட்டிப் பார்த்தான். ஒரு சத்தம் இல்லை. காரில் அவனும் அவனுடைய லேப்டாப் பையும் மட்டும் இருந்தார்கள். ஷீட்டில் பதினெட்டு வரிசை இருந்தது. ஆட்களுக்கென்று ஒரு வரிசை இல்லை.

இப்போது ஜெயப்பிரியாவின் கதைக்கு வருவோம். அதே கம்பெனியில் வேலை, சொந்த ஊர் திருப்போரூர். இரண்டு வருடமாக அபிஷேக்கோடு பழக்கம். அவளுடைய அப்பா உலகநாதன் ஒரு காலத்தில் முழுநேர விவசாயி. இப்போது ஆலத்தூர் பக்கம் மிச்சமிருக்கிற இரண்டு ஏக்கரில் நெல் போட்டுக்கொண்டு, மற்ற நேரத்தில் வீட்டுமனை பிளாட் விற்கிறார். யாரோ கல்பாக்கத்துப் பையனாம், என்ன ஊர், என்ன உறவு என்றே தெரியாதாம் என்று பதினான்கு மாதம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். ஜெயப்பிரியா அழுது, சாப்பிடாமல் இருந்து, பேசாமல் இருந்து, பிறகு மறுபடியும் பேசி, கடைசியில் மாப்பிள்ளை வீட்டைப் பார்க்க வருகிறேன் என்கிற அளவுக்கு அவரைக் கொண்டுவந்திருந்தாள். சம்மதம் என்று அவர் இன்னும் வாயால் சொல்லவில்லை. போய்ப் பார்த்துவிட்டு வந்து சொல்கிறேன் என்றிருந்தார். எல்லாம் அந்த ஞாயிற்றுக்கிழமையில் இருந்தது.

உலகநாதனிடம் ஒரு பெரிய ஜீப் இருந்தது. ஒன்பது பேரும் ஒரு ஆடும் தாராளமாகப் போகலாம். அதிலேயே வந்துவிடுகிறோம் என்று ஜெயப்பிரியா சொன்னாள். அபிஷேக் கேட்கவில்லை. மரியாதையாக இருக்காது, நானே வந்து அழைத்துப் போகிறேன் என்றான். மரியாதை பாதி. மீதிப் பாதி, மாமனார் ஆகப் போகிறவர் தன் வாசலில் அந்தச் சக்கரங்கள் வந்து நிற்பதைப் பார்க்க வேண்டும் என்கிற ஆசை.

காலை ஒன்பது மணிக்குப் போய் நின்றான். உலகநாதன் மொடமொடக்கிற வெள்ளை வேட்டியில் வந்தார். சக்கரத்தைப் பார்த்தார். "இன்னா தம்பி, வெளிய வந்து கீது?" என்றார். அபிஷேக் உற்சாகமாகி ஆஃப்செட்டை விளக்கத் தொடங்கினான். அவர் பாதியிலேயே தலையாட்டிவிட்டு உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார். பட்டுப் புடவையில் அவர் மனைவி ஆராயி வந்தாள். அவரது அக்கா செங்கம்மாள் வந்தாள். அவள் சரி என்றால்தான் அந்த வீட்டில் எதுவும் சரி, அவள் ஏறினால் எந்த வண்டியும் ஒரு பக்கம் சாயும். பின்னால் ஜெயப்பிரியா ஒரு வாழைத்தாரோடு வந்தாள். கடைசியாக ஒரு சிப்பம் அரிசி, இருபத்தைந்து கிலோ. சம்பந்தம் பேசப் போகிற வீட்டுக்குக் கடை ஸ்வீட்டோடு போவது அவர்கள் வழக்கம் இல்லை. தங்கள் வயலில் விளைந்ததைத்தான் கொண்டுபோய் இறக்குவார்கள். ஆலத்தூர் நிலத்து அரிசி டிக்கிக்குள் போனது. காரின் பின்பக்கம் மெல்லக் குனிந்து உட்கார்ந்தது.

தெருமுனை வேகத்தடையிலேயே மானம் போயிற்று. பின்சக்கரங்கள் மேட்டில் ஏறி இறங்கும்போது கர்ர்ரென்று ஒரு சத்தம். செங்கம்மாள் என்ன அது என்று கேட்டாள். ரோடு சரியில்லை என்றான் அபிஷேக். அடுத்ததில் சத்தம் இன்னும் நீளமாக வந்தது, ரப்பர் கருகுகிற வாடையும் கூடவே வந்தது. அபிஷேக் காரை ஓரங்கட்டிவிட்டு இறங்கி ஓடிப்போய்ப் பார்த்தான். டயரின் தோளில், வெளி விளிம்பில், புதிதாக ஒரு கீறல். ஐயோ, அந்தக் கீறலை அவன் தடவிப் பார்த்த விதத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். பின்சீட்டிலிருந்து ஜெயப்பிரியா பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

பாரத்தை முன்னால் கொண்டுவந்தால் சரியாகிவிடும் என்று அவனுக்குத் தோன்றியது. டிக்கியிலிருந்து சிப்பத்தைத் தூக்கி முன்சீட்டில் உலகநாதனின் காலடியில் வைத்தான். காலைக் கொஞ்சம் அதன் மேலே வைத்துக்கொள்ளச் சொன்னான். வயலில் இறங்கி வேலை செய்த மனிதர் அரிசி மேல் கால் வைப்பாரா? உலகநாதன் அதை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். வெள்ளை வேட்டியும், அதன்மேல் சிப்பமும், அதற்குமேல் அவருடைய முகமுமாக ஆலத்தூர் வரை வந்தார்.

ஆலத்தூர் வேகத்தடை கொஞ்சம் உயரமானது. அபிஷேக் அதைத் தூரத்திலிருந்தே பார்த்துவிட்டான். மனதுக்குள் கணக்குப் போட்டான். பின்சீட்டில் மட்டும் ஏறக்குறைய இருநூற்றிருபது கிலோ. நிறுத்திவிட்டு, எல்லோரும் ஒரே ஒரு நிமிடம் இறங்கிக்கொள்ள முடியுமா என்று கேட்டான்.

இறங்கினார்கள். பஞ்சர் என்று நினைத்துத்தான் இறங்கினார்கள். அவன் காரைச் சாய்வாகத் திருப்பி, ஆமை மாதிரி ஏறி இறங்கி, அப்பால் போய் நின்று, வாருங்கள் என்று கை காட்டினான். வேகத்தடையை அவர்கள் நடந்து கடந்தார்கள். ஆராயி கொசுவத்தைத் தூக்கிப் பிடித்திருந்தாள். உலகநாதன் சிப்பத்தைத் தோளில் வைத்திருந்தார், காரில் விட்டுவிட்டு இறங்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை.

தண்டலத்தில் இன்னொரு தடவை. அதற்கப்புறம் ஒரு பள்ளிக்கூடத்து வாசலில் மூன்றாவது தடவை. அங்கேதான் ஒரு மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. உலகநாதனிடம் போன வருஷம் பிளாட் வாங்கியவர். தோளில் அரிசி மூட்டையோடு நடுரோட்டில் நிற்கிற பிளாட்காரரை மேலும் கீழும் பார்த்தார்.

"இன்னா அண்ணாத்த, வண்டி ரிப்பேரா?"

"இல்ல, புது வண்டி," என்றார் உலகநாதன்.

செங்கம்மாளுக்கு அதற்குமேல் தாங்கவில்லை. இன்னும் கல்பாக்கம் போகிறதுக்குள் இப்படி எத்தனை மேடு இருக்கிறது என்று கேட்டாள். அபிஷேக்குக்கு அதுவும் தெரியும். ஏழு என்றான். அவன் எதையும் குறைத்துச் சொல்லிப் பழகாதவன். நடந்தே போய்விடலாமா என்று கேட்டுவிட்டு அவள் புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

பையனூரில் அடுத்த மேட்டுக்கு முன்னால் ஒரு டீக்கடை. அபிஷேக் மறுபடியும் நிறுத்தினான். இந்தத் தடவை உலகநாதன் இறங்கவில்லை. சிப்பத்தின் மேல் இரண்டு கையையும் கோத்து வைத்துக்கொண்டு நிதானமாகக் கேட்டார்.

"தம்பி, இந்த சக்கரம் போடறதுக்கு முன்ன வண்டி எப்டி ஓடிகினு இருந்துச்சு?"

"நல்லாத்தான் ஓடிச்சு அங்கிள்."

"நாலு பேரு ஏறுனா?"

"ஒண்ணும் ஆகாது."

"பழசு எங்க கீது?"

கார்த்தி கடையில் இருக்கிறது என்றான். கடை பதினைந்து நிமிடத் தூரம். மாற்ற அரை மணி நேரம். உலகநாதன் கணக்கு அவனுடையதைவிட வேகமாக ஓடியது. "அப்போ போய் மாட்டிகினு வந்துடு. நாங்க இங்கயே டீ குடிச்சிகினு ஒக்காந்து இருக்கோம். ஒண்ணும் அவசரமில்ல," என்றார்.

அந்த மனிதரை நினைத்தால் எனக்கே வருத்தமாக இருக்கிறது. மூன்று தடவை ரோட்டில் இறக்கிவிடப்பட்ட பிறகும், வேட்டியெல்லாம் தவிட்டுத் தூசியான பிறகும், அந்தப் பையனுக்கு ஒரு கதவைத் திறந்துவிட்டார். சரி அங்கிள் என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது. தலையெழுத்து பாருங்கள், அன்று சாயங்காலம் நான்கு மணிக்கு மாமல்லபுரத்தில் அலங்காரக் கார்க்காரர்கள் கூடிப் படம் எடுத்துக்கொள்கிற கூட்டம் ஒன்று இருந்தது. அபிஷேக் ஒரு மாதம் முன்பே பெயர் கொடுத்திருந்தான். சாப்பாட்டுக்குப் பிறகு இவர்களைத் திருப்போரூரில் இறக்கிவிட்டு நேரே அங்கே போவதாகத் திட்டம்.

"இல்ல அங்கிள், திருப்பி மாட்டணும்னா பேலன்சிங், அலைன்மென்ட்னு நிறைய இருக்கு. சாயங்காலம் வேற ஒரு மீட் இருக்கு. அடுத்த வாரம் மட்கார்டு விளிம்ப உள்பக்கமா மடக்கிட்டா சரியாயிடும். இன்னிக்கு மட்டும் கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கங்க."

உலகநாதன் திரும்பிப் பின்சீட்டைப் பார்த்தார். அக்காவையோ மனைவியையோ அல்ல, மகளை. நீயே பேசிக்கொள் என்பதுபோல் பார்த்துவிட்டு முன்பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஜெயப்பிரியாவுக்குக் கோபத்தில் கண் கலங்கியிருந்தது. ஆனால் குரல் உயரவில்லை.

"பதினாலு மாசம் அழுது எங்கப்பாவ இந்தக் கார்ல ஏத்தினேன் அபி. ஒரு மணி நேரத்துல நீ அவர மூணு வாட்டி எறக்கி வுட்டுட்ட."

அபிஷேக் பதறிப்போனான். பதறினால் அவனுக்கு வருவது எண்கள்தான். தப்பு தன்மேல் இல்லை என்றும், கணக்கு முழுக்கச் சரி என்றும், எதிர்பார்த்ததைவிட லோடு அதிகமாகிவிட்டது என்றும் சொன்னான்.

லோடு. அந்த வார்த்தையைச் செங்கம்மாள் கேட்டாள், ஆராயி கேட்டாள், மடியில் அரிசியோடு உலகநாதனும் கேட்டார்.

"அந்த லோடு நாங்கதான்," என்றாள் ஜெயப்பிரியா. கதவைத் திறந்துகொண்டு இறங்கினாள். அத்தைக்குக் கை கொடுத்து இறக்கினாள், அம்மாவை இறக்கினாள், வாழைத்தாரை எடுத்துக்கொண்டாள். அபிஷேக் அவள் பின்னாலேயே போனான். இரண்டு நிமிடம் பொறு, கார்த்திக்குப் போன் போடுகிறேன், மாற்றிவிடுகிறேன், மீட்டுக்குப் போகவில்லை என்றெல்லாம் சொன்னான். எல்லாம் நல்ல வார்த்தைகள்தான், ஐந்து நிமிடம் பிந்தி வந்த வார்த்தைகள். அவள் நின்று கேட்டாள். பிறகு தலையை ஆட்டினாள். வேண்டாம் என்றுதான் ஆட்டினாள்.

எதிர்ப்பக்கம் திருப்போரூர் போகிற பஸ் வந்தது. நான்கு பேரும் ரோட்டைக் கடந்து ஏறினார்கள். உலகநாதன் சிப்பத்தை டிரைவருக்குப் பின்னால் ஓரமாக வைத்துவிட்டுக் கம்பியைப் பிடித்து நின்றார். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் எழுபது பேர் இருந்த அந்த பஸ், அதே வேகத்தடையில் ஏறி இறங்கிப் போயிற்று.

அபிஷேக் போன் போட்டுப் பார்த்தான். அவள் எடுக்கவில்லை. வசுமதி கூப்பிட்டாள், கேசரி கிளறியாகிவிட்டது, எங்கே வந்துகொண்டிருக்கிறீர்கள் என்று கேட்டாள். வருகிறேன் என்று மட்டும் சொன்னான். வேறு எங்கே போவதென்றும் தெரியவில்லை. பையனூர் மேட்டில் ஏறினான், பூஞ்சேரியில் திரும்பினான், வெங்கம்பாக்கம் தாண்டினான், புதுப்பட்டினம் தாண்டினான். கல்பாக்கம் டவுன்ஷிப் வாசல் வரை ஏழு வேகத்தடைகள். எதிலும் டயர் உரசவில்லை.