நன்மை வரிசை

பூசையில் நன்மை என்னும் திருவப்பம் வாங்குவதில் யார் முன், யார் பின் என்ற தகராறு நன்னிலம் பக்கத்து அந்தக் கிறிஸ்தவக் கோயில் பங்கில் மூன்று தலைமுறைச் சங்கதி. மேலத்தெருக்காரர்கள் எல்லாரும் வாங்கிய பிறகுதான் கீழத்தெரு எழுந்திருக்க வேண்டும். கீழத்தெருக் கிளாட்சனின் அப்பா சவரியப்பன் சாகும்வரை அப்படித்தான் வாங்கினார். மகன் விடவில்லை. மனு, மறியல், ஆயர் இல்லம் என்று பத்து வருடம் அலைந்து ஒரே வரிசையாக்கினான். இன்று அவன்தான் பங்குப் பேரவைச் செயலாளர். வரிசையை ஒழுங்குபடுத்துவதும் அவனே.

"உழைக்கிற தமிழன் எவனுக்கும் தாழ்ந்தவன் இல்ல" என்று மேடையில் முழங்குவான். தமிழன் அல்லாதவனைப் பற்றி அவனை யாரும் கேட்டதில்லை, அவனும் யோசித்ததில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை, நடவுக்கு வந்திருந்த ஜார்கண்ட் ஆட்கள் ஆறு பேர் கோயிலின் கடைசியில் வந்து நின்றார்கள். துவைத்த சட்டை, நகக்கண்ணில் சேறு. ஏதோ வேடிக்கை பார்க்க வந்திருக்கிறார்கள் என்று கிளாட்சன் விட்டுவிட்டான். நன்மை நேரத்தில் அவர்களும் வரிசையில் வந்ததும் பதறிப் போனான். முன்னால் நின்றவன் சாமியாரை நெருங்கும்போது அவன் தோளைப் பிடித்து இழுத்தான் கிளாட்சன்.

"யோவ், இது பிரசாதம் இல்ல. வெளிய போ."

ஆறு பேரையும் வாசல்வரை தள்ளிக்கொண்டு போனான். அங்கேதான் அந்த ஆள் சட்டைக்குள்ளிருந்து ஜெபமாலையை எடுத்துக் காட்டி, நெஞ்சைத் தொட்டு, "பாஸ்கல் மிஞ்ச். கத்தோலிக்" என்றான். கிளாட்சன் திரும்பிப் பார்த்தான். நன்மை கொடுத்து முடித்து, சாமியார் அப்பம் வைக்கும் பேழையை மூடிக்கொண்டிருந்தார்.

வீட்டில் மனைவி பிரின்ஸி சோற்றைப் போட்டுக்கொண்டே கேட்டாள்: "கறுப்பா, சேத்துக் காலோட வந்தா வேதக்காரங்களா இருக்க மாட்டாங்களா? மேலத்தெருக்காரங்க நம்மளையும் இப்படித்தானே பாத்தாங்க?"

அவனுக்குச் செத்துப்போன அப்பாவின் படத்தை ஏறெடுத்துப் பார்க்கக் கூசியது. மறுநாளே வயலுக்குப் போய், வரப்பில் நின்று தெரிந்த நாலு இந்தி வார்த்தையில் மன்னிப்புக் கேட்டான். பாஸ்கல் நாற்றுமுடியோடு நிமிர்ந்து, பரவாயில்லை என்பதுபோல் தலையாட்டினான்.

அடுத்த ஞாயிறு ஆறு பேரும் வந்தார்கள். எல்லோரும் நன்மை வாங்கித் திரும்பும்வரை சுவரோரம் காத்திருந்துவிட்டு, பிறகு எழுந்து வந்தார்கள். யாரும் சொல்லவில்லை, அவர்களாகவே. கிளாட்சனுக்கு உடம்பு குறுகிப் போயிற்று. இன்னும் நன்மை வாங்காத அவன் ஓடிப்போய் அவர்களுக்குப் பின்னால் நின்றுகொண்டான்.

பாஸ்கல் திரும்பினான். அவனைக் கண்டதும் முகம் வெளிறியது. மற்ற ஐந்து பேரையும் அவசரமாக இழுத்துக்கொண்டு ஒதுங்கி, கைகூப்பி வழிவிட்டான்.

கிளாட்சன் வேண்டாமென்று தலையசைத்தான். அவர்களுக்கு அது புரியவில்லை. சாமியார் கையில் அப்பத்துடன் நின்றார். ஆறு பேரும் தலைகுனிந்து, அவன் முதலில் போவதற்காகக் காத்திருந்தார்கள்.