கம்பியின் மறுபாதி

இசைக்குழுவில் எல்லோரும் அவளை இடி என்றுதான் கூப்பிட்டார்கள். ஆள் ஒல்லி, பேச்சும் மெதுவாகத்தான் வரும். ஆனால் பேஸ் கிட்டாரைத் தோளில் மாட்டிக்கொண்டு தடித்த கம்பியை வலது கையின் இரண்டு விரலால் சுண்டினாள் என்றால், அரங்கின் கடைசி வரிசையில் தூங்குகிறவன்கூட எழுந்து உட்காருவான்.

ஒரு கச்சேரிக்காக வேனிலிருந்து சாமான் இறக்கும்போது பெரிய ஸ்பீக்கர் பெட்டி சரிந்து அவள் வலது தோளில் விழுந்தது. எலும்பு கூடிவிட்டது. நரம்பு கூடவில்லை. தோளுக்குக் கீழே கை சும்மா தொங்கியது. பார்க்க வந்தவர்களிடம், "கை இருக்கு, வேலைக்குத்தான் வர மாட்டேங்குது" என்று அவளே சிரித்துக்கொண்டு சொல்வாள். அவர்கள் போன பிறகு சிரிப்பும் போய்விடும்.

அவள் தம்பி கிட்டாரும் ஸ்பீக்கரும் பழுது பார்ப்பவன். சைக்கிள் கடைக்குப் பின்னால் ஒரே அறை. சுவர் முழுக்க ஆணியில் தொங்கும் கிட்டார்கள், மேஜையில் ஈயம் உருக்கிய வாசனை. ஒருநாள் காலையில் இடி அங்கே வந்து, இடது தோளில் மாட்டியிருந்த பையை மேஜையில் இறக்கினாள்.

"இதை யாருக்காவது குடுத்துடுடா."

"யாருக்கு?"

"வாசிக்கிறவங்களுக்கு."

பைக்குள் அவளுடைய பேஸ். அவள் பிறப்பதற்கு முன்னாலேயே செய்தது. வலது முழங்கை உரசி உரசி ஒரு ஓரத்தில் வண்ணம் போய் மரம் தெரிந்தது. தம்பி அதை ஸ்பீக்கரோடு இணைத்துச் சரிபார்த்தான். பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்திருந்த இடியின் இடது கை பழக்க தோஷத்தில் பேஸின் நீண்ட கழுத்துக்குப் போனது. ஒரு விரல் கம்பியை ஓங்கிக் குத்தி அழுத்தியது. ஸ்பீக்கரில் மெலிசாக ஒரு சுரம் கேட்டது.

"அதை இன்னொரு தடவை பண்ணு" என்றான் தம்பி.

"எதை?"

"இப்ப பண்ணியே, அதைத்தான்."

அவள் மறுபடியும் விரலால் குத்தினாள். அவன் குனிந்து, கம்பிகளை முறுக்கும் தலைப்பக்கத்தில் காதை வைத்தான். அங்கே வேறொரு சுரம் கேட்டது.

விஷயம் இதுதான். கம்பியை நடுவில் ஒரு இடத்தில் அழுத்தினால் அது இரண்டு துண்டாகிவிடுகிறது. இரண்டு துண்டும் அதிரும். ஆனால் ஓசையை வாங்கி ஸ்பீக்கருக்கு அனுப்பும் பிக்கப், காந்தமும் செம்புக் கம்பிச் சுருளும் சேர்ந்த அந்தக் கட்டை, பேஸின் உடம்புப் பக்கம் மட்டும்தான் இருக்கிறது. தலைப்பக்கத்துத் துண்டு பாடுவதை யாரும் கேட்பதில்லை.

"அக்கா, இந்தப் பக்கமும் ஒரு பிக்கப் வெச்சா, ஒரு கையாலேயே பெரிசா ஓசை வரும்..."

"கழுத்தை வெட்டணும்."

"கொஞ்சம்தான்."

"டேய், நீ இதுல ஒரு ஸ்க்ரூ மாத்தினதுக்கு நான் எத்தனை மாசம் உன்கிட்ட பேசாம இருந்தேன், ஞாபகம் இருக்கா?"

"இருக்கு. நிம்மதியா இருந்துச்சு."

அவள் சிரிக்கவில்லை. பேஸை அப்படியே விட்டுவிட்டு விறுவிறுவென்று போய்விட்டாள்.

அடுத்த வாரம் குழுவின் ஒத்திகையைப் பார்க்கப் போனாள். அவள் இடத்தில் புதிதாகச் சேர்ந்த பையனைக் கண்ணாடி என்று கூப்பிட்டார்கள். நல்ல பையன், நன்றாகவே வாசித்தான். அவள் யோசித்து யோசித்துக் கட்டிய சுரங்களை ஒன்று பிசகாமல் வாசித்தான். அவளைப் பார்த்ததும் எழுந்து நாற்காலி போட்டான். அதுதான் தாங்கவில்லை. அங்கிருந்து நேரே தம்பியின் அறைக்கு வந்தாள்.

"எல்லாருக்கும் டீ வாங்கிக் குடுத்தேன்டா. ரொம்ப நல்லாயிருக்குன்னு சொன்னாங்க. டீயை." மூச்சை இழுத்து விட்டாள். "வெட்டு."

கழுத்து மரத்துக்குள்ளே, அது வளையாமல் இருக்க, ஒரு இரும்புக் கம்பி நெடுக ஓடும். உளி கொஞ்சம் ஆழமாக இறங்கினால் அதில் முட்டும். பிறகு அந்தக் கழுத்து விறகுக்குத்தான். தம்பி வியர்க்க வியர்க்கச் செதுக்கினான். இடி இடது கையால் கழுத்தைப் பிடித்துக்கொண்டாள். ஓரத்தில் ஒரு சில்லு பெயர்ந்து தெறித்தது. அவன் கை நின்றுவிட்டது.

"என்ன?"

"சில்லு போயிடுச்சு, அக்கா."

"நீ நிறுத்திட்டா அது வந்து ஒட்டிக்குமா? செதுக்கு."

அந்தப் பள்ளத்தில் உட்காரும் அளவுக்குத் தட்டையான பிக்கப் எந்தக் கடையிலும் கிடையாது. தலைமுடியைவிட மெல்லிய செம்புக் கம்பியைத் தம்பியே சுற்றினான். முதல் சுருள் முடியும் நேரத்தில் அறுந்தது. இரண்டாவதைப் பொருத்தியபோது கொசுக்கூட்டம் புகுந்த மாதிரி ஒரே ரீங்காரம். பள்ளத்துக்குச் செம்புத் தகடு ஒட்டிய பிறகுதான் அடங்கியது.

ஆனால் சுரம் கேட்கச் சகிக்கவில்லை. இரண்டு துண்டின் ஓசையும் ஒன்றாகக் கலந்து, ஒரே நேரத்தில் இரண்டு பேர் சண்டை போடுவது போலிருந்தது. ஓசை இரட்டிப்பாகும் என்று கணக்குப் போட்டிருந்த தம்பிக்கு முகம் விழுந்துவிட்டது.

"மன்னிச்சுடுக்கா. அநியாயமா மரத்தைக் கெடுத்துட்டேன்."

இடி காதைச் சாய்த்து மறுபடியும் மறுபடியும் குத்திக்கொண்டிருந்தாள். "இரு இரு. ஒண்ணா அடைச்சு வெச்சா யாரா இருந்தாலும் சண்டைதான் போடுவாங்க. ரெண்டையும் பிரிச்சு விடு. இதுக்கு ஒரு வயர், அதுக்கு ஒரு வயர்."

இரண்டு வயர், இரண்டு ஸ்பீக்கர். அறையின் இரண்டு மூலையிலும் ஒவ்வொன்று. அவள் கை தலைப்பக்கத்திலிருந்து பேஸின் உடம்பை நோக்கி நகர, ஒரு மூலையில் சுரம் ஏறியது. எதிர் மூலையில் இறங்கியது. கை திரும்பி வந்தது. இது இறங்க, அது ஏறியது. இரண்டு பேர் படிக்கட்டில் ஒருவரையொருவர் கடந்து போவது போலிருந்தது. தம்பி மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றான். அவள் அன்று மதியச் சாப்பாட்டையே மறந்துவிட்டாள்.

விரல் நுனிகள் கொப்புளித்துக் காய்த்துப்போன பிறகு ஒத்திகைக்குப் போனாள். பழைய பாட்டு ஒன்றைத் தொடங்கினார்கள். ஒரு கையால் அந்த வேகம் வரவில்லை. டிரம்ஸ்காரர் அவளுக்காக வேகத்தைக் குறைத்தார், பாட்டு நொண்டியது. முடிந்ததும் பாடகர், "நல்லாயிருக்கு, நல்லாயிருக்கு" என்றார், ஆஸ்பத்திரிக் கட்டில் பக்கத்தில் நின்று பேசுகிற குரலில்.

"பொய் சொல்லாதீங்க அண்ணே. நல்லா இல்ல" என்றாள் இடி. "பழைய பாட்டெல்லாம் கண்ணாடியே வாசிக்கட்டும். அவனுக்குத்தான் அது வருது." கண்ணாடி தலையைக் குனிந்துகொண்டான். "இப்ப நான் வேற ஒண்ணு வாசிக்கிறேன். பிடிக்கலைன்னா பிடிக்கலைன்னு சொல்லுங்க."

இடது கையால் வலது கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு மெதுவாகத் தொடங்கினாள். ஏறுகிற சுரமும் இறங்குகிற சுரமும் அறையின் இரு பக்கத்திலிருந்தும் வந்தன. டிரம்ஸ்காரர் குச்சிகளைக் கீழே வைத்துவிட்டு உள்ளங்கையால் தட்ட ஆரம்பித்தார். பாடகர் வார்த்தை இல்லாமல் கூடவே முணுமுணுத்தார். முடிந்த பிறகு யாரும் நல்லாயிருக்கு என்று சொல்லவில்லை.

"அந்த நடுப்பகுதியை மறுபடி வாசி" என்றார் பாடகர். அதில்தான் அவளுக்குக் கண் கலங்கியது.

அடுத்த கச்சேரியில் அந்த ஒரு பாட்டுக்கு மட்டும் மேடைக்கு வந்தாள். பிறகு மூன்று பாட்டானது. கை குணமாகவில்லை, இனி ஆகாது என்று டாக்டரும் சொல்லிவிட்டார். பழைய பாட்டுகள் ஓடும்போது மேடை ஓரத்தில் உட்கார்ந்து கேட்பாள்; சில நாள் அது சுலபமாக இருக்கும், சில நாள் இருக்காது.

ஒருநாள் கச்சேரி முடிந்ததும் கண்ணாடி தயங்கித் தயங்கித் தம்பியிடம் வந்தான்.

"அண்ணா, என் பேஸ்லயும் அந்த மாதிரி ஒண்ணு வெச்சுத் தர முடியுமா?"

தம்பி அக்காவைப் பார்த்தான். அவள் வயரை இடது முழங்கையில் சுற்றிக்கொண்டிருந்தாள்.

"வெச்சுக் குடுடா" என்றாள். "ஆனா டேய் கண்ணாடி, நாளைக்கு வீட்டுக்கு வந்து முதல்ல என்னோடதை வாசிச்சுப் பாரு. ஒரு கையாலதான் வாசிக்கணும். இன்னொரு கையைத் தூக்கினே, நானே கட்டிப் போட்டுடுவேன்."