துணையாள் என்ற கட்டம்

"உங்க அக்கா பேசுறது உனக்கு மட்டும் எப்படிம்மா புரியுது?"

பட்டறை மேலாளர் இதைச் சிரித்துக்கொண்டேதான் கேட்டார். அக்காவின் விண்ணப்பத்தில் கையெழுத்து வாங்க அவர் மேசை முன் நின்றிருந்தேன். வெளியாட்கள் எதிரே எனக்கு வாய் பூட்டிக்கொள்ளும். ஒன்பதாம் வகுப்போடு பள்ளியை விட்டதும் அதனால்தான்.

"பழக்கம் சார்."

"வேற யாருக்கும் புரியாதா?"

"அம்மாவுக்குப் பாதி புரியும்."

"பாதி," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். "சரி, வெச்சுட்டுப் போ. நாளைக்கு வந்து வாங்கிக்க."

அக்காவுக்குப் பிறவியிலேயே கை கால் இழுப்பு. சக்கர நாற்காலியை விட்டு இறங்க ஆள் வேண்டும். வலது கையில் மூன்று விரல்கள் மட்டும் சொன்னபடி கேட்கும். அந்த மூன்றையும் வைத்துக்கொண்டு பட்டறையில் ஒரு நாளைக்கு நானூறு மருந்துப் பெட்டி மடிப்பாள். அங்கே வேலை செய்கிற எல்லோரும் உடம்பில் ஏதோ ஒன்று ஒத்துழைக்காதவர்கள். அவள் பேசினால் பாதிச் சொல் இழுபடும், மீதி தொண்டையிலேயே நின்றுவிடும். நின்றுபோனது எது என்று எனக்குத் தெரியும். அம்மாவுக்குச் சலவைக்கூடத்தில் வேலை. அலுத்து வருகிற நாளில் அந்தப் பாதியும் புரியாது.

தங்கள் உரிமையைத் தாங்களே கேட்டுப் பேச, மாற்றுத்திறனாளிகளுக்கு நான்கு நாள் பயிற்சி என்று மருத்துவமனைச் சுவரில் ஒரு அறிவிப்பு ஒட்டியிருந்தது. பேருந்துச் செலவு, தங்கும் அறை, கூட வரும் துணையாளுக்குக் கூலி, எல்லாம் ஒரு அறக்கட்டளை தரும். கடைசி நாள் ஒவ்வொருவரும் அதிகாரிகள் முன்னால் பத்து நிமிடம் பேசலாம்.

"அந்தப் பத்து நிமிஷம் போதும்டி எனக்கு," என்றாள் அக்கா.

என்ன பேசப் போகிறீர்கள் என்று படிவத்தின் மூன்றாம் பக்கம் கேட்டது. அக்கா சொல்லச் சொல்ல எழுதினேன். பெட்டி மடிப்பதில் பின்தங்குகிறவர்களை அட்டை அடுக்கும் அறையில் விட்டு வெளியே தாழ்ப்பாள் போடுகிறார்கள். கூட வேலை செய்யும், எப்போதும் தொப்பி போட்டு வருகிற தொப்பிக்காரர் ஒரு திங்கட்கிழமை மதியம் அதற்குள் போனார். மறுநாளிலிருந்து வேலைக்கு வரவில்லை. சொந்தக்காரர் வீட்டுக்குப் போயிருப்பதாகச் சொல்கிறார்கள். அவருக்குச் சொந்தக்காரர் யாரும் இல்லை. அவர் தொப்பி இன்னும் ஆணியில் தொங்குகிறது.

"கையெழுத்து கடைசிப் பக்கத்துலதானே? மூணாம் பக்கத்தை உருவிட்டுக் குடு," என்று அக்கா இரண்டு தடவை சொல்லியனுப்பினாள்.

ஆனால் ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் 'பக்கங்களைப் பிரித்தால் விண்ணப்பம் நிராகரிக்கப்படும்' என்று அச்சடித்திருந்தது. அச்சில் இருப்பதை மீற எனக்குத் துணிச்சல் வரவில்லை. இதையெல்லாம் உட்கார்ந்து யார் படிக்கப் போகிறார்கள் என்றும் நினைத்தேன். முழுசாகக் கொடுத்துவிட்டேன்.

"முழுசாவா குடுத்த?" என்றாள் அக்கா. "பள்ளிக்கூடத்த விட்டாலும் நல்ல பிள்ளையாவே இருக்கடி நீ."

மறுநாள் கையெழுத்தோடு படிவம் கிடைத்தது. மேலாளர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஏதாவது திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். அன்று மாலை பட்டறையிலிருந்து வந்த அக்கா, "தொப்பியைக் காணோம்," என்றாள். "ஆணியையும் பிடுங்கிட்டாங்க. ஓட்டையில சுண்ணாம்பு பூசியிருக்கு. இன்னும் ஈரம் காயல."

மூன்று வாரம் கழித்து மேலாளரே வீட்டுக்கு வந்தார். கூடவே சாவியம்மா. அவள் பட்டறையின் மேற்பார்வைக்காரி. இடுப்பில் எப்போதும் சாவிக்கொத்து தொங்குவதால் அக்கா வைத்த பெயர் அது.

"உதவித்தொகை கிடைச்சிருச்சு," என்று மேலாளர் கடிதத்தை அம்மாவிடம் நீட்டினார். அம்மா அதை என்னிடம் தந்தாள். துணையாள் என்ற கட்டத்தில் நான் எழுதிய என் பெயர் இல்லை. சாவியம்மாவின் பெயர் இருந்தது. வேலை தருபவர் அனுபவமுள்ள ஒருவரைத் துணையாளாகப் பரிந்துரைக்கலாம் என்று கீழே பொடி எழுத்தில் இருந்தது. படிவத்தில் அந்த வரியை நானும் படித்திருந்தேன். ஆளில்லாதவர்களுக்கு நல்ல ஏற்பாடு என்று அப்போது தோன்றியது.

"சின்னப் பொண்ணு, வெளியூர்ல நாலு நாள் எப்படிச் சமாளிப்பா? இவங்கன்னா பழகினவங்க," என்றார் மேலாளர்.

"நீங்க செய்யுற இந்த உதவிய மறக்கவே மாட்டோம் சார்," என்றாள் அம்மா.

அக்கா தலையைத் தூக்கிப் பேசினாள். கழுத்து நரம்பு புடைக்க, நீளமாக. 'இவளோட நான் போகமாட்டேன்' என்றாள். எனக்குத் தெளிவாகக் கேட்டது.

சாவியம்மா அவள் தோளில் கை வைத்தாள். "ரொம்ப சந்தோஷமா இருக்குன்னு சொல்றா."

மேலாளர் அம்மாவைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். "அப்படித்தானேம்மா?"

அக்காவும் என்னைப் பார்த்தாள். அம்மா கண்ணில் நீர் கோத்திருந்தது, மகிழ்ச்சியில். என் வாய் பூட்டிக்கொண்டது. மேலாளர் அம்மா கொடுத்த தேநீரைக் குடித்து முடிக்கும்வரை என் பதிலுக்குக் காத்திருந்தார். பிறகு டம்ளரைச் சத்தமில்லாமல் கீழே வைத்துவிட்டு எழுந்தார்.

அவர்கள் போனபின் அக்காவின் காலடியில் உட்கார்ந்து அழுதேன்.

"மூக்கைச் சிந்து. என் காலெல்லாம் ஈரம்," என்றாள்.

"போகவேணாம்க்கா. அம்மாகிட்ட எல்லாத்தையும் சொல்லிடுறேன்."

"சொல்லி? போகலன்னா திங்கக்கிழமை பட்டறைக்குத்தானே போகணும்? அங்க தாழ்ப்பாள் இருக்கு. பயிற்சியிலயாவது சுத்தி நாலு பேர் இருப்பாங்க." கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டாள். "என் வாயில இருந்து வர்றதைத்தானே அவ மாத்துவா? ஒண்ணுமே வரலன்னா எதை மாத்துவா? வண்டி ஏறினதுல இருந்து நான் வாயே திறக்கமாட்டேன். பேசக் கத்துக்க வந்தவ நாலு நாளா பேசலன்னா, எவனாவது ஒருத்தன் ஏன்னு கேக்கமாட்டானா?"

"கேக்கலன்னா?"



புறப்படும் நாள் காலை பேருந்து நிலையம்வரை கொண்டுபோக என்று பட்டறை வேன் வாசலுக்கு வந்தது. சாவியம்மா அக்காவின் பையைத் திறந்து, நான் மடித்து வைத்த நான்கு செட் துணியில் மூன்றை எடுத்து வாசல் திண்ணையில் வைத்தாள்.

"இவ்வளவு எதுக்கு? சுமைதான்."

"நாலு நாளாச்சே," என்றாள் அம்மா.

"ஒண்ணு போதும்மா." நாற்காலியையும் ஏற்றவிடவில்லை. அங்கே வேறு இருக்கிறதாம். அக்காவை இரண்டு கையாலும் அள்ளி, ஜன்னலோர இருக்கையில் சாய்த்து, பட்டையை இறுக்கிக் கட்டினாள். வேனின் கதவைச் சாத்தித் தானும் ஏறிக்கொண்டாள்.

"தங்கச்சிக்குப் போயிட்டு வரேன்னு சொல்லு," என்று அக்காவின் முகத்தருகே குனிந்தாள். மொழிபெயர்க்கத் தயாராக இருந்தாள்.

"அவ அன்னிக்கு அப்படிச் சொல்லல," என்றேன்.

என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது. ஓட்டுநர் திரும்பிப் பார்த்தார். "சந்தோஷம்னு சொல்லல. உங்ககூட வரமாட்டேன்னுதான் சொன்னா. எனக்குக் கேட்டுச்சு."

"என்னடி சொல்ற?" என்றாள் அம்மா.

சாவியம்மா சிரித்தபடியே ஓட்டுநரின் தோளைத் தட்டினாள். வேன் நகர்ந்தது. கண்ணாடிக்குப் பின்னால் அக்கா என்னையே பார்த்தாள். உதடு பிரிந்தது. பிறகு அதை இறுக மூடிக்கொண்டு, ஒரு வார்த்தையும் பேசாமல் போனாள்.