கன்றின் எடை

அம்மாவின் நரைமுடியில் சிக்கெடுத்துக்கொண்டிருந்தாள் மகள். உயிர் போய் நான்கு மணி நேரம் ஆகியும், வலிக்கக் கூடாதே என்று நுனியிலிருந்துதான் சீப்பை இழுத்தாள். அப்போது மாமா உள்ளே வந்தார். அம்மாவின் ஒரே தம்பி. இளம் விவசாயிகள் சங்கத்தின் தலைவர். சட்டையில் சங்கத்தின் பச்சை பேட்ஜ், கையில் துணிப்பை.

சங்கத்தின் ஐம்பதாண்டு வரலாற்றை அவர் எழுதி, புத்தகம் போன மாதம்தான் வந்தது. பதினான்காம் பக்கத்தில், சங்கத்தின் கன்று வளர்ப்புப் போட்டியில் முதல் பரிசு வாங்கிய கன்றுக்குட்டியோடு அரை டிராயரில் மாமா நிற்கிறார். கன்றோ அவரைச் சட்டை செய்யாமல் படத்துக்கு வெளியே யாரையோ பார்க்கிறது. அங்கே நின்றவள் அம்மா. பெண் பிள்ளைகளைச் சங்கம் சேர்க்காத காலம் அது. தம்பி பெயரில் கன்றை வளர்த்ததும், உறுப்பினர்கள் எழுத வேண்டிய குறிப்பேட்டில் அதன் வளர்ச்சியைத் தினமும் எழுதியதும் அவள்தான். புத்தகத்தில் அதைப் பற்றி மூச்சே இல்லை. அம்மா படுத்தபடியே அந்தப் பக்கத்தைப் பார்த்துவிட்டு, “போட்டோவுல கன்னு நல்லா விழுந்திருக்கு” என்று மட்டும் சொன்னாள். மகள்தான் புத்தகத்தைப் பட்டென்று மூடினாள்.

“வண்டி வந்துடுச்சு. தூக்கலாமா?” என்றான் மகளின் கணவன்.

“ஒரு நிமிஷம் இருங்க மாப்ளே.” மாமா பையிலிருந்து பழைய நோட்டு ஒன்றை எடுத்தார். உறுப்பினர் யாராவது இறந்தால், தூக்குவதற்கு முன் அவருடைய குறிப்பேட்டின் முதல் பக்கத்தைத் தலைவர் வாசிப்பது சங்கத்து வழக்கம்.

“அம்மா உங்க மெம்பர் இல்லையே மாமா. புத்தகத்துலயே இல்லையே” என்றாள் மகள்.

“கோவம்னு தெரியும்மா. எழுத உக்காந்தேன், மனசு வரல. அம்பது வருஷமா அந்தப் பரிசைச் சொல்லித்தானே மேடை ஏறினேன்.”

வாசலில் பச்சை பேட்ஜ் அணிந்த சங்கத்தார் பத்துப் பேர் நின்றார்கள். மாமா அவர்கள் பக்கம் திரும்பினார்.

“நோட்டுல என் பேர் இருக்கு. எழுத்து அக்காவோடது. கன்னும் அக்கா வளர்த்ததுதான்.”

மாமா கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாசித்தார்.

“முதல் நாள். கன்றின் எடை இருபத்தாறு கிலோ. தாயைத் தேடுகிறது. பால் குடிக்கவில்லை. நானும் சாப்பிடவில்லை.”

பாதியில் நிறுத்திக் கண்ணாடியைக் கழற்றினார். நோட்டை மகளிடம் நீட்டினார். அவள் சீப்பை அம்மாவின் தலைமாட்டில் வைத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு வாங்கி, அடுத்த வரியை வாசித்தாள்.

“சாயங்காலம் விரலைப் பாலில் தொட்டுக் கொடுத்தேன். குடித்தது.”